அதே பதினாறு கிலோமீட்டர்

தமிழ்வேந்தன் எழுதிய புரோகிராமைக் கல்லூரியில் யாரும் குறை சொன்னதில்லை. யாருக்கும் புரியாததும் ஒரு காரணம். காங்கேயம் பக்கத்துச் சுகாதார நிலையம் ஒன்றிலிருந்து ட்ரோன் கிளம்பி, மூன்று கிராமங்களுக்கு மருந்துப் பெட்டிகளைக் கொடுத்துவிட்டு ஒரே சார்ஜில் திரும்ப வேண்டும். கிழக்கே கடைசி ஊருக்கு நேராகப் போய், வரும் வழியில் மற்ற இரண்டு ஊர்களில் இறக்குவதாகப் புரோகிராம் வழி போட்டது. பதினாறு கிலோமீட்டர். இதைவிடக் குறைந்த தூரம் சாத்தியமே இல்லை. வெள்ளிக்கிழமை அதிகாரிகள் முன்னால் ட்ரோன் திரும்பி வந்தால் திட்டத்துக்கு அனுமதி. வராவிட்டால் மூன்று வருட உழைப்பு அலமாரிக்குப் போகும்.

வியாழக்கிழமை ஒத்திகையில் ட்ரோன் வரவில்லை. போன்தான் வந்தது.

"ஏனுங்க, உங்க விமானம் எங்க தேங்காய்க் களத்துல படுத்திருக்குதுங்க. எழுப்பிக் கூட்டிட்டுப் போறீங்களா, தூங்கட்டுமுங்களா?" என்று விசாரித்தார் களத்துக்காரர் அரங்கசாமி.

பேட்டரியைத் திட்டியபடி தமிழ்வேந்தன் ஸ்கூட்டரை எடுத்தான். பின்னால் கூட்டாளி ரம்ஷா. போகும்போது வண்டி பறந்தது. ட்ரோனை ஏற்றிக்கொண்டு மேற்கே திரும்பியதும் ஆடிக்காற்று முகத்தில் அறைந்தது; வண்டி முக்கி முனகியது. அவன் வண்டியையும் திட்டினான். ரம்ஷா மட்டும் வழியெல்லாம் காற்றாலைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். அத்தனையும் மேற்கே முகம் வைத்து நின்றன.

இறங்கியதும் சொன்னாள். "அதே வழியைத் தலைகீழா ஓட்டலாம் வேந்தா. போறப்பவே மூணு ஊர்லயும் இறக்கிப்போட்டு, காலியா காத்தை எதிர்த்து வரட்டும்."

"தூரம் அதேதானே?"

"உன்ற புரோகிராமுக்கு அதேதான். ஆனா பாரத்தைச் சுமக்கறது ட்ரோனாச்சே."

நாலாயிரம் வரிகளில் அவள் சொல்ல அவன் மாற்றியது ஒரே ஒரு வரி.

வெள்ளிக்கிழமை மூன்றாவது பெட்டி இறங்கியபோது பேட்டரியில் அறுபது சதவீதம் மிச்சம். அதன்பின் வெறும் உடம்போடு ட்ரோன் காற்றில் தலையைக் கொடுத்து மெதுவாக வந்தது. நாற்பது. முப்பது. பத்தொன்பதில் அது முற்றத்தில் இறங்கி நின்றது.

அனுமதி அங்கேயே கிடைத்தது. வழி போட்டது யார் என்று அதிகாரியம்மா கேட்டார். அவர் கையிலிருந்த திட்ட அறிக்கையின் முதல் பக்கத்தில் தமிழ்வேந்தன் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

"ரம்ஷாங்க மேடம். நான் தூரத்தை மட்டுந்தானுங்க பார்த்தேன். காத்து, பாரம் எல்லாத்தையும் பார்த்தது இவதானுங்க."

அப்படியானால் இன்னும் ஏழு ஊர்களுக்கு வழி வேண்டும் என்றார் அவர். தமிழ்வேந்தன் யாரையும் தொடவிடாத தன் லேப்டாப்பை ரம்ஷாவின் பக்கம் நகர்த்தினான்.