நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

மும்பை மாட்டுங்கா வாசகர் வட்டத்தில் மொத்தம் பதினோரு பேர். மாதத்தின் முதல் ஞாயிறு சாயங்காலம் கூடுவார்கள். அண்மையில் படித்த சரித்திர நாவல் ஒன்றை ஒவ்வொருவரும் எழுந்து நின்று சிபாரிசு செய்ய வேண்டும். முடிவைப் பற்றி மட்டும் மூச்சு விடக் கூடாது. யாராவது ஆர்வக்கோளாறில் "கடைசியில பார்த்தேள்னா..." என்று ஆரம்பித்தால் போதும், செயலாளர் வானமாமலை மேசையைத் தட்டி உட்கார வைத்துவிடுவார். நல்ல விதிதான். ஆனால் முழுக்கப் படிக்காதவர்களுக்கு இதைவிட வசதியான விதி உலகத்தில் கிடையாது.

அந்த வசதியை ஷ்யாமளா முதன்முதலாக அனுபவித்தது இந்த மாதம்தான். இன்சூரன்ஸ் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்று நாலு வருடமாகிறது. ஒரு கூட்டம்கூடத் தவறியதில்லை என்ற பெயர் வேறு அவளுக்கு. இந்த மாதம் கண்புரை ஆபரேஷன் குறுக்கே வந்து, அறுநூறு பக்க நாவலில் இருநூற்றைம்பதைத்தான் தாண்டியிருந்தாள். பாண்டியர் காலத்துக் காயல் துறைமுகம், கப்பலில் வந்திறங்கும் குதிரைகள், பேரம், வம்பு என்று அதுவரை ஒரே கலகலப்பு. எழுந்து நின்று பிரமாதப்படுத்திவிட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

கூட்டம் முடிந்ததும் ஹபீபா பக்கத்தில் வந்து நின்றாள். தாராவியில் தோல்பைப் பட்டறை வைத்திருக்கும் கரீம் பாட்சாவின் மனைவி. மேலப்பாளையத்தில் பத்தாவது வரை படித்தவள். வட்டத்திலேயே அவளைப்போல விழுந்து விழுந்து படிக்கிறவர் இல்லை. எட்டு மாதத்துக்கு முன் அவளுடைய ஒரே மகன் தாஹிர் ஓடும் ரயிலிலிருந்து விழுந்து இறந்துபோனான். இருபத்திரண்டு வயது. அதற்குப் பிறகு அன்றுதான் வட்டத்துக்கு வந்திருந்தாள்.

"அக்கா, சும்மா சுவத்த பாத்து உக்காந்திருந்தா கிறுக்கு பிடிச்சுரும் போல இருக்கு. எதாவது படிக்கணும். பிள்ளை சாவுற கதை மட்டும் வேண்டாம். நீங்க சொன்ன புஸ்தகத்துல அப்படி ஒண்ணும் இல்லியே?"

இன்னும் முடிக்கவில்லை என்று ஷ்யாமளா சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை. ஆனால் வானமாமலை இரண்டடி தள்ளி நின்று நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்.

"சேச்சே, அதெல்லாம் கிடையவே கிடையாது. தைரியமா எடுத்துண்டு போ."

நூலக அலமாரியில் அந்த நாவலின் இன்னொரு பிரதி இருந்தது. ஹபீபா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள்.

புதன்கிழமை மத்தியானம், திலக் நகர் வீட்டில் சாப்பாட்டுக்கடை முடிந்து, ஷ்யாமளா விட்ட இடத்திலிருந்து படிக்க உட்கார்ந்தாள். குதிரை வணிகரின் மகன், வாய் ஓயாத பையன், தகப்பனோடு சண்டை போட்டுக்கொண்டு பாரசீகத்து ஹோர்முஸுக்குக் கப்பலேறினான். நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், ஊர் திரும்பும் வழியில், கடல் அவனைக் கொண்டுபோய்விட்டது.

புத்தகத்தை மூடிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். ஹபீபாவுக்குப் போன் செய்து பயனில்லை. தாஹிர் விழுந்த சில நிமிஷத்திலேயே செய்தி போனில் வந்ததிலிருந்து அவள் போனைத் தொடுவதில்லை. கரீம் பாட்சாவைக் கூப்பிட்டு என்னவென்று சொல்வது? ஆட்டோக்காரன் சயானில் "ஆகே நஹி ஜாயேகா", இதற்கு மேல் வண்டி போகாது என்று இறக்கிவிட்டான். மீதி தூரத்தை வெயிலில் நடந்தாள். ஹபீபா இன்னும் அந்தப் பக்கத்துக்கு வந்திருக்கக் கூடாது என்று தெரிந்த தெய்வத்தையெல்லாம் வேண்டிக்கொண்டாள். அறுபத்துநாலு வயதில், நாலு பேர் கைதட்டலுக்காக, பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய்ப் பொய் சொன்னேனே என்று நினைக்க நினைக்க அழுகை முட்டியது.

பட்டறைக்கு மேலே ஒற்றை அறை வீடு. இரும்பு ஏணியில் ஏறி எட்டிப் பார்த்தபோது ஹபீபா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் புத்தகம் மூடியிருந்தது. அடையாளத்துக்கு நடுவில் ஒரு தோல் துண்டைச் செருகியிருந்தாள்.

"வாங்கக்கா. என்ன இப்படி வேர்த்து விறுவிறுத்து? தண்ணி குடிக்கியளா?"

"எது வரைக்கும் படிச்சிருக்கே?"

"பையன் கப்பல் ஏறிட்டான். அதுக்கு மேல பக்கத்த திருப்ப கை வரல. முந்தாநாளே மூடி வச்சிட்டேன்." கொஞ்சம் தயங்கினாள். "வட்டத்து சட்டம் தெரியும். இருந்தாலும் முடிவ சொல்லிருங்கக்கா. அவன் திரும்பி வந்துருவான்லா?"

வந்துவிடுவான் என்று சொல்லத்தான் வாய் துடித்தது. சொல்லிவிட்டுப் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விடலாம், யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் இன்னொரு பொய்யைச் சுமக்கிற தெம்பு அவளிடம் இல்லை.

"வரமாட்டான் ஹபீபா. அன்னிக்கு நான் முழுக்கப் படிக்காமயே உன்கிட்ட சொல்லிட்டேன். இன்னிக்குத்தான் அந்தப் பக்கத்துக்கே வந்தேன். என்னை மன்னிச்சுடு."

கீழே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஹபீபா கோபப்படவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது ஷ்யாமளாவுக்கு. அவளோ அட்டையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அவன் உம்மாட்ட யாரு போய் சொன்னது?"

"தெரியலை. அங்கேயே மூடிட்டு ஓடி வந்துட்டேன்."

"இப்பவும் முழுசா படிக்கலியா?" கேட்பதற்குக் கேலி மாதிரி இருந்தது, முகத்தில் கேலி இல்லை. "படிங்கக்கா. நா கேக்கேன்."

ஷ்யாமளா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். கப்பல் மூழ்கிய செய்தி பத்தே நாளில் காயலுக்கு வந்துவிட்டது. ஊருக்கே தெரிந்தது. தாயிடம் சொல்ல மட்டும் ஒருவருக்கும் நா எழவில்லை. மூன்று மாதம் சொல்லவில்லை. அவள் மகனுக்குப் பிடித்த கருவாட்டை உலர்த்தி ஜாடியில் அடைத்து வைத்தாள். அவனுக்குப் பெண் பார்த்தாள். வரட்டும், காதைத் திருகுகிறேன் என்று கிணற்றடியில் நின்று சிரித்தாள். தண்ணீர் இறைக்க வந்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அதற்கு மேல் ஷ்யாமளாவால் முடியவில்லை. எழுத்தெல்லாம் கலங்கியது. "போறும்டி, வேண்டாம்" என்று நிமிர்ந்து பார்த்தாள்.

ஹபீபாவின் கன்னமெல்லாம் நனைந்திருந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

"மூணு மாசம்" என்றாள். "மூணு மாசம் அவளுக்கு பிள்ளை உசுரோட இருந்திருக்கான்க்கா. எனக்கு அரை மணி நேரங்கூட கெடைக்கல. குடுத்து வச்சவ."