பத்திலிருந்து தொடங்கும் டேப்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது சட்டை தைக்கக் கொடுத்த இடத்தில். அதாவது, வம்பு கேட்கப் போன இடத்தில். கையில் துணி இருந்தால் கொஞ்சம் கௌரவமாக இருக்குமே என்று எடுத்துப் போயிருந்தேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: “அவள் காற்றைப் போல ஓடி…”

(அடித்துவிட்டேன். அவள் ஓடுவது கடிகாரம் போல. தெரு அவளுக்கு வைத்த பெயரே ‘கடிகாரம்’தான்.)

அவள் எதிர்வீட்டுத் தையல்காரரின் மனைவி. தீயணைப்பு வேலைக்கான ஓட்டத் தேர்வு அவளுக்கு நாளைக் காலை. இரண்டாயிரத்து நானூறு மீட்டர், பன்னிரண்டு நிமிடம். வயது வரம்பும் இந்த வருடத்தோடு சரி. வகுத்துப் பார்த்தால் நிமிடத்துக்கு இருநூறு மீட்டர். நானூறு மீட்டர்ச் சுற்றுக்கு இரண்டு நிமிடம். மொத்தம் ஆறு சுற்று. கணவர் தன் டேப்பைத் தரையில் போட்டுப் போட்டு, ஒவ்வொரு போடலும் ஒன்றரை மீட்டர் என்று எண்ணித் தெருவை அளந்தார். இருநூறில் சுண்ணாம்புக் கோடு கிழித்தார். எட்டு மாதமாக அவள் கோடு வரை போய்த் திரும்புகிறாள், இரண்டு நிமிடம் பிசகாமல்.

3

இன்று சாயங்காலம் என் தோளை அளக்க அவர் டேப்பைப் பத்தில் வைத்துப் பிடித்தார்.

“என்னங்க, பத்துலேருந்து வைக்கிறீங்க?”

“முன்னாடி பத்து சென்டி கத்திரியில போயிடுச்சுக்கா, ரெண்டு வருஷமாச்சு. கை தானா கழிச்சுக்கும்.”

“தெருவ அளந்தப்பவும் கழிச்சுதா?”

வாயில் கடித்திருந்த குண்டூசியை எடுத்துவிட்டு, டேப்பின் வெட்டுப்பட்ட முனையைத் தடவிப் பார்த்தார்.

(ஓரக்குறிப்பு: ஒன்றரை மீட்டர் என்று எண்ணியது உண்மையில் நூற்று நாற்பது சென்டி. பதினைந்துக்குப் பதினான்கு. அவர்களுடைய நானூறு, முந்நூற்று எழுபத்து மூன்று. இதே வேகத்தில் ஓடினால் நாளை பன்னிரண்டு நிமிடம் ஐம்பத்தொரு வினாடி. எனக்குக் கணக்கு வராது. கெட்ட சேதி என்றால் மட்டும் வந்துவிடும்.)

“சுத்துக்கு ஒம்பது வினாடி குறைச்சாப் போதுமே,” என்றேன்.

“அவ குறைக்கத்தான் பாத்தாக்கா. ரெண்டு நிமிஷம் போதும், மூச்ச மிச்சம் வைன்னு நான்தான் புடிச்சு வச்சேன்.”

4

முடிவு ஒன்று: அவர் சொல்கிறார். அவள் விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு…

முடிவு இரண்டு: நான் சொல்கிறேன். (ஓட்டை வாய் என்று பெயரெடுத்தவள். இன்றைக்குப் பார்த்து நாக்கு ஒட்டிக்கொண்டது.)

முடிவு மூன்று: யாரும் சொல்லவில்லை. நாளை ஐந்தாவது சுற்றில் அவளே கடிகாரத்தைப் பார்த்து…

அதற்குள் அவளே வந்துவிட்டாள். முழங்காலில் கைவைத்துக் குனிந்து, வேர்வை சொட்டச் சிரித்தாள்.

“பன்னெண்டு! டான்னு பன்னெண்டு! என்னக்கா, ரெண்டு பேரும் எழவு வீட்டுல உக்காந்த மாதிரி இருக்கீங்க?”

அவர் என்னைப் பார்த்தார். நான் டேப்பைப் பார்த்தேன்.

இவ்வளவு நேரம் பக்கத்தில் நின்று எல்லாம் கேட்டவர் நீங்கள். அவளுக்கு மூச்சு திரும்ப இன்னும் ஒன்பது வினாடி ஆகும். நிமிர்ந்ததும் உங்களைத்தான் கேட்பாள்.