வெள்ளச்சிக்குப் போட்ட நீலம்

முருகையா பங்களாவுக்குக் கொடுக்க வேண்டியிருந்த கடன் நாற்பத்தோராயிரத்து அறுநூறு ரூபாய். தன் வயதில் ஒன்றிரண்டு முன்னே பின்னே சொல்வார், இந்தத் தொகையில் பிசக மாட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு, குதிரையின் காலில் முதல் வாளி வெந்நீரை ஊற்றும்போதும் அதைத்தான் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தார்.

லுணுகலைக்கு மேலே, தேயிலை மலையின் உச்சியில் இருந்த பழைய துரை பங்களா இப்போது சுற்றுலாக்காரர்கள் தங்கும் ஹோட்டல். அவர்கள் ஏறிச் சவாரி போவதற்காக எட்டு வருசத்துக்கு முன்னால் கொழும்பு முதலாளி ஒரு பெட்டைக்குதிரையை வாங்கிவிட்டார். தோட்டத்து வேலைப் பதிவில் தன் பெயரை வெட்டிவிட்டு, அதைப் பார்த்துக்கொள்ள முருகையா வந்தார். குதிரைக்குத் தாளில் ஓர் இங்கிலீஸ் பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அது காதைக்கூட அசைக்காது. "வெள்ளச்சி" என்று முருகையா ஒரு குரல் கொடுத்தால் போதும், வேலியோரம் நின்றாலும் தலையை ஆட்டிக்கொண்டு வந்துவிடும்.

அன்று பகல் பண்டாரவளை மைதானத்தில் குதிரைக் காட்சி. ஹோட்டல் மேனேஜர் றொபின்சன் முந்தின நாள் சாயந்திரமே கொட்டகைக்கு வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"இந்தா பாரு முருகையா, நாளைக்கி இவ மொதப் பரிசு எடுத்தான்னா ஒன் கணக்கக் கிழிச்சிப் போட்ருவேன். மொதலாளியே சொல்லிட்டாரு."

"நெசமாத்தான் சொல்றீங்களா சேர்?"

"பின்ன, ஒன்னோட வெளாடவா மேல இருந்து எறங்கி வந்தேன்? வெள்ள வெளேர்னு கழுவு. அம்புட்டுத்தான்."

போன வருசம் முருகையாவின் மனைவி பாக்கியலெட்சுமி பதுளை ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் படுத்துக் கிடந்தாள். வேன் வாடகை, வெளியே எடுத்த ஸ்கேன் படங்கள், மருந்துகள் என்று பங்களாவில் வாங்கிய முற்பணம் அது. அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். கடன் மாதாமாதம் இரண்டாயிரத்து ஐந்நூறாகச் சம்பளத்தில் கழிந்துகொண்டிருந்தது.

வெந்நீரைத் தலையில் ஊற்றக் கூடாது. காலில் தொடங்கி, முழங்கால், தொடை, வயிறு என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏற வேண்டும். அப்போதுதான் குதிரை மிரளாது. சவர்க்காரத்தைக் கையில் குழைத்து, மயிர் போகும் போக்கிலேயே தேய்த்தார். வாலை அப்படியே வாளிக்குள் முக்கி அலசினார். மற்ற இடத்து அழுக்கெல்லாம் போய்விட்டது, வலது தொடையில் இருந்த மஞ்சள் கறை மட்டும் அசையவில்லை. லத்தியின் மேலேயே படுப்பதால் வந்த கறை.

அதற்கு வைத்தியம் கண்டுபிடித்தவள் பாக்கியம். சனிக்கிழமைகளில் கொழுந்து நிறுத்துவிட்டு நேரே கொட்டகைக்கு வருவாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்த்திருக்க மாட்டாள். மகள் நிஷாந்தினியின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைக்குப் போடும் நீலத்தூளில் ஒரு சின்னக் கரண்டி எடுத்து வாளியில் கரைத்து, அந்தத் தண்ணீரைக் குதிரையின் மேல் துணியால் ஒற்றுவாள்.

"குதிரைக்கி எதுக்குடி நீலம்?" என்று முருகையா முதல் தடவை சிரித்தபோது, "நாலு பேரு பாக்கிற எடத்துக்குப் போற பொம்பளப் புள்ள. நீலம் போடாம அனுப்பினா பெத்தவளத்தானே பேசுவாங்க?" என்றாள்.

வந்த புதிதில் வெள்ளச்சி அடுப்புச் சாம்பல் நிறம். வருசத்துக்கு வருசம் வெளுத்துக்கொண்டே வந்தது. வெளுக்க வெளுக்க முதலாளிக்கு அதன் மேல் ஆசை கூடியது. பாக்கியம் அதற்கும் ஒன்று சொல்லுவாள். "நமக்கு நரச்சா பேர வெட்டி வீட்டுக்கு அனுப்புறாங்க. இவளுக்குப் பாருங்க, நரைக்க நரைக்க வெல ஏறுது." சொல்லிவிட்டு, தானே வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அவள் சிரித்தால் வெள்ளச்சியும் மூக்கால் சீறும். அந்தச் சனிக்கிழமைச் சாயந்திரங்களில் மூன்று பேரும் ஒரு வீட்டு ஆட்கள் மாதிரித்தான் இருந்தார்கள்.

இப்போது கடையில் நீலத்தூள் இல்லை. சின்னப் போத்தலில் கெட்டியான நீர் நீலம்தான் வருகிறது. முருகையா பாக்கியத்தின் கணக்கை மறக்காமல், அதே சின்னக் கரண்டியால் ஒரு கரண்டி அளந்து ஊற்றினார். கறைக்கு மட்டும் போடாமல், முதல் பரிசை நினைத்து உடம்பு முழுவதும் ஒற்றினார். மலையில் பனி அடைத்திருந்தது. கொட்டகை வாசலில் தொங்கிய ஒற்றைப் பல்ப் வெளிச்சத்தில் எல்லாம் மஞ்சளாகத்தான் தெரிந்தது. துடைத்து, பிரஸ் போட்டு, குளம்புக்குத் தேங்காயெண்ணெய் தடவி நிமிர்ந்தபோது பனி விலகி வெயில் விழுந்தது. லொறியும் வந்து நின்றது.

லொறிக்காரன் ஸாஹிர் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தவன், அப்படியே நின்றுவிட்டான்.

"அல்லாவே! முருகையாண்ணே, குதிரைய கழுவச் சொன்னாங்களா, பெயின்ட் அடிக்கச் சொன்னாங்களா?"

முருகையா இரண்டு எட்டு பின்னால் வந்து பார்த்தார். மருந்தடித்த உருளைக்கிழங்குச் செடி மாதிரி, காது முதல் வால் வரைக்கும் நீலம் பூத்துப்போய் நின்றது வெள்ளச்சி. ஒன்றும் தெரியாமல் தாடையை அசைத்துக்கொண்டிருந்தது.

"பாக்கியம் போட்ட அளவுதானே போட்டேன்," என்றார் முருகையா.

ஸாஹிர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தான். துடைத்தவன், முருகையாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். பக்கத்தில் வந்து குரலை இறக்கினான்.

"அண்ணே, நான் சொன்னேன் எண்டு வெளிய சொல்லிராதீங்க. போறதுக்கு மட்டுந்தான் எனக்கு வாடக பேசியிருக்காங்க. வரக்குள்ள வெறும் லொறி."

"ஏன், குதிர?"

"கொழும்புல இருந்து ஒரு பெரிய மனுசன் வாறாராம். பரிசு கெடச்சா அங்கேயே காசக் குடுத்துக் கொண்டு போறதாப் பேச்சு. பதினெட்டு லட்சம் எண்டு சமையக்காரங்க குசினில பேசிக்கிறாங்க."

முருகையா தண்ணீர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். குதிரை இல்லாத பங்களாவில் குதிரைக்காரனுக்கு என்ன வேலை? தோட்டத்தில் பெயர் வெட்டியாகிவிட்டது. ஐம்பத்தேழு வயதில் திரும்பப் பதிய மாட்டார்கள்.

"நான் ஒண்டு சொல்றேன் அண்ணே," என்றான் ஸாஹிர். "இப்பிடியே ஏத்துங்க. நீலக் குதிரைய ஒருத்தனும் வாங்க மாட்டான். சாயந்திரம் நானே சும்மா ஏத்திக் கொண்டு வந்து விடுறேன். கடன் இருந்தா இருந்துட்டுப் போகுது. கழியுந்தானே?"

அவன் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. மைதானத்துக்குள் கொண்டுபோய் ஒரு சுற்று நடத்தினால் போதும். சனம் சிரிக்கும். கைப்பேசியில் படம் பிடிக்கும். கொழும்பு மனுசன் காரைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். வெள்ளச்சி வந்து முருகையாவின் தோளில் தாடையை வைத்தது. ஈரமான மூச்சு கழுத்தில் பட்டது. எட்டு வருசமாக அவர் நடத்தும் இடத்துக்கெல்லாம் ஏன் என்று கேட்காமல் நடந்த குதிரை. இன்றைக்குச் சிரிப்பாய்ச் சிரிக்கும் கூட்டத்துக்குள் இழுத்தாலும் அப்படித்தான் வரும்.

முருகையா எழுந்து, கவிழ்ந்து கிடந்த வாளியை நிமிர்த்தி வைத்தார்.

பிறகு, "தம்பி, குசினில வினாகிரி ரெண்டு போத்தல் கேட்டு வாங்கிட்டு வா. நெஷா சட்டையில ஒரு தடவ நீலம் ஏறிப்போச்சி. வினாகிரித் தண்ணியிலதான் அவ ஆத்தா எடுத்தா," என்றார்.

"பைத்தியமா ஒங்களுக்கு? வித்துப்புடுவாங்க அண்ணே!"

"விக்கட்டும். இவளப் பாத்து ஊரு சிரிக்கிறதுக்கா எட்டு வருசம் தேச்சேன்?"

ஸாஹிர் ஏசிக்கொண்டே போய் வாங்கி வந்தான். கால்சட்டையை மடித்துவிட்டுக் கீழே பீலியடியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீரும் சுமந்தான். முருகையா கண்ணையும் மூக்கையும் துணியால் மறைத்துப் பிடித்து, மூன்று தடவை அலசினார். மூன்றாவது தடவை வாளியில் விழுந்த தண்ணீர் தெளிவாக இருந்தது. தொடையில் மஞ்சளும் இல்லை, நீலமும் இல்லை. பிடரி மயிரைப் பின்னும்போது அவர் கை தடுமாறியது. பின்னுவது எப்போதும் பாக்கியத்தின் வேலை. மகளுக்குப் பின்னுகிற மாதிரியே, "ஆடாத, ஆடாத" என்று அதட்டிக்கொண்டு பின்னுவாள். முருகையா சொல்லிப் பார்த்தார். வெள்ளச்சி ஆடாமல் நின்றது.

பண்டாரவளையில் நடுவராக வந்த அம்மா வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். குதிரையின் தொடையை ஒரு தடவை தடவி, கையுறையைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை. முதல் பரிசுச் சிவப்பு நாடாவை வெள்ளச்சியின் கழுத்தில் கட்டினார்கள். முருகையா கைதட்டலாமா என்று தெரியாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. கொழும்பு மனுசரும் முதலாளியும் கை குலுக்கினார்கள். வாங்கியவருடைய மகளைக் குதிரை மேல் ஏற்றிப் படம் எடுக்க வேண்டுமென்றார்கள். விழாப் பெயர் எழுதி இடுப்பளவு உயரத்தில் கட்டியிருந்த துணிப் பதாகைக்குப் பின்னால் குதிரையை நிறுத்தினார்கள். கொழும்பு மனுசர் கூட்டிவந்த புது ஆள் கயிற்றைப் பிடித்தான். வெள்ளச்சி பின்னங்காலில் எழும்பப் பார்த்தது. சின்னப் பெண் அலறினாள்.

"முருகையா! நீ பிடி," என்று றொபின்சன் ஓடி வந்தார். "ஆனா படத்துல விழுந்துறாத. பேனருக்குப் பின்னுக்குக் குந்திக்க."

முருகையா பதாகைக்குப் பின்னால், குதிரையின் முன்னங்காலோடு ஒட்டிக் குந்தினார். கயிற்றைக் குறுக்கிப் பிடித்து, "ஒன்னுமில்லடி, ஒன்னுமில்ல," என்றார். குதிரை அடங்கியது.

றொபின்சன் பக்கத்தில் குனிந்தார். கணக்குப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து நான்காக மடித்து அவர் சட்டைப் பைக்குள் சொருகினார்.

"சொன்ன மாதிரி ஒன் கணக்கு முடிஞ்சிருச்சி. சந்தோசந்தானே?"

"சேர், எட்டு வருசம் வேல செஞ்சதுக்கு ஏதாச்சும்..."

"எல்லாத்துக்கும் சேத்துத்தான் கழிச்சிருக்கு. நாளைக்கி வந்து ஒன் சாமானெல்லாம் எடுத்துக்க."

"அது இல்லீங்க சேர்..."

"ஸ்ஸ். எடுக்கிறாங்க."

முன்னால் படம் பிடிக்கிறவர் கையை உயர்த்தினார். மேலே சின்னப் பெண் சிரித்தாள். அவளுடைய தகப்பன் குதிரையின் கழுத்தில் கை போட்டுக்கொண்டார்.

"பேனருக்குப் பின்னால யாரோட தலையோ தெரியுது," என்றார் படம் பிடிக்கிறவர். "இன்னும் கொஞ்சம் கீழ."

முருகையா கயிற்றை விடாமல் தலையைக் குனிந்தார். இன்னும் குனிந்தார். நெற்றி புல்லில் முட்டியது.