உடன் வாழ்ந்து வந்த மகள்

அத்தாவைக் கடைசியாகக் குளிப்பாட்ட வைத்த வெந்நீரில் இலந்தை இலைகளை உருவிப் போட்டுக்கொண்டிருந்த நசீம் பானு நிமிர்ந்தபோது, பின்கட்டில் கொடிக்கயிறு இல்லை. அண்ணன் முனாப் அதை அவிழ்த்து, அவளுடைய தையல் மிஷினைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தான்.

"என்னண்ணே இது?"

"முன்னாடி ஜனம் வந்து உக்கார இடம் வேணாமா? நாளைக்குப் பொம்மிடிக்கு லாரி போவுது, அதுலயே ஏத்திடலாம். நாப்பதாம் நாள் பாத்திஹா முடிஞ்சதும் சாவி குடுத்துடறேன்னு வூட்டுக்காரர்கிட்டச் சொல்லிட்டேன்."

புருஷன் விட்டுப் போனபின் மூன்று வருடமாக அந்த மிஷின்தான் அவளுக்கும் மகள் ஹாஜிராவுக்கும் சோறு போட்டது. தர்மபுரியில் அந்தத் தெருவுக்கே அவள்தான் ரவிக்கை தைத்தாள். பொம்மிடியில் அண்ணன் வீட்டுப் பின்னறை காத்திருந்தது. அண்ணி நல்லவள்தான். ஆனாலும் அது அண்ணியின் வீடு.

உள்ளே வெள்ளைத் துணிக்கடியில் அத்தா படுத்திருந்தார். அப்துல் ரஷீத், முப்பத்தொரு வருடம் வக்கீல் குமாஸ்தா. எந்த வழக்குக் கட்டு வந்தாலும் அவர் முதலில் புரட்டுவது சட்டத்தின் விளக்கப் பிரிவைத்தான். 'வீடு' என்றால் எது, 'குடும்பம்' என்றால் யார், அதற்கு எந்தக் கோர்ட் என்ன தீர்ப்புச் சொன்னது என்று நீள நோட்டில் தமிழில் எழுதி வைத்துக்கொள்வார். "அத்தாகிட்ட உப்பு கேட்டா, உப்புன்னா என்னான்னு முதல்ல கேப்பாரு" என்று முனாப் கேலி செய்வான். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஒரு விஷயத்தில் மட்டும் சிரிக்க மாட்டார். நசீம் ஒரு ராத்திரிகூட வெளியே தங்கக் கூடாது. போன வருடம் அண்ணன் மகள் நிக்காஹ்வில், பிரியாணிப் பந்தி முடியுமுன்னே அவளைக் கடைசி பஸ்ஸுக்குக் கிளப்பிவிட்டார். சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்த்தார்கள். நான்கு நாள் அவள் அவரோடு பேசவில்லை. தன்மேல் நம்பிக்கை இல்லை என்றுதானே அர்த்தம்?

நேற்று மாலை கஞ்சி கொடுக்கும்போதும் கேட்டார்: "இங்கதான இருக்கற?"

"எங்க போவேன்? நீங்க விட்டாத்தான" என்றாள் வெடுக்கென்று. அவர் கண்ணை மூடிக்கொண்டார். விடியற்காலை பாங்கு சொல்லும்போது மூச்சு நின்றிருந்தது.

வாசல் பெஞ்சில் வீட்டுக்காரர் பச்சியப்பன் அதியமான்கோட்டையிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் பிடித்தபடி அத்தா வேலை பார்த்த வக்கீல் சவுரியப்பன். அவர் முனாப்பைக் கூப்பிட்டார்.

"சாவி தர்றேன்னு சொன்னியாமே? நசீமக் கேட்டியா?"

"பொம்பளப் புள்ள தனியா எப்படி சார்..."

வக்கீல் பையிலிருந்து அந்த நீள நோட்டை எடுத்தார். "போன மாசமே எங்கிட்டக் குடுத்துட்டாரு பாய். 'நான் போற அன்னிக்கே சாவிப் பேச்சு வரும். நீங்க இருக்கணும்'னாரு. நசீம், நீயும் வாம்மா."

அவள் முக்காட்டை இழுத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றாள். வக்கீல் படித்தார்.

"வாடகைதாரர் என்ற சொல், அவர் இறக்கும் வரை அவருடைய குடும்பத்தில் ஒருவராக அந்த வீட்டில் உடன் வாழ்ந்து வந்த மனைவி, மகன், மகள் ஆகியோரையும் குறிக்கும்."

மகள் என்ற சொல்லுக்குக் கீழே சிவப்புப் பென்சில் கோடு. அதற்கும் கீழே: ரேஷன் கார்டில் நசீம் பெயர் சேர்த்த தேதி, வாக்காளர் பட்டியல் எண், ஹாஜிராவின் பள்ளி விலாசம்.

"இறக்கும் வரை" என்றான் முனாப் மெதுவாக. "அதுக்கா அன்னிக்கு அவள பஸ் ஏத்தினாரு? ஒரு ராத்திரி வெளிய தங்குனா உரிமை போயிடுமா சார்?"

"போவாது. கல்யாணங்காட்சிக்குப் போய்த் தங்கறதெல்லாம் கணக்கில்ல. அதுக்கும் தீர்ப்பு இருக்கு. அதையும் பாய் அடுத்த பக்கத்துல எழுதி வச்சிருக்காரு."

"தெரிஞ்சுமா?"

"நானும் கேட்டேன். 'எம் பொண்ணு கூண்டுல ஏறினா யோசிக்காம பதில் சொல்லணும் சார். ஒரு ராத்திரிகூட வெளிய தங்கலன்னு'ன்னாரு."

பச்சியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார். "பதினெட்டு வருசமா எனக்கு வர்ற நோட்டீசுக்கெல்லாம் பாய்தாங்க அர்த்தம் சொல்வாரு. ஒண்ணுகூடத் தப்புனதில்ல. அவரு எழுதினா சரியாத்தான் இருக்கும்." நசீமைப் பார்த்தார். "கோர்ட்டு கீர்ட்டெல்லாம் வேணாம்மா. வாடகை ரசீத உம் பேருக்கே போட்டுடறேன். என்ன, இனிமே நோட்டீசு வந்தா எனக்குத்தான் ஆளில்ல."

மதியம் லுஹர் தொழுகைக்குச் சற்று முன் ஜனாஸாவைத் தூக்கினார்கள். முனாப் முன்புறம் தோள் கொடுத்தான். தெரு திரும்பும் வரை நசீம் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு உள்ளே வந்து தையல் மிஷினின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். பின்கட்டு ஆணி அத்தாவின் உயரத்துக்கு அடித்தது. ஸ்டூல் போட்டு ஏறிக் கயிற்றைக் கட்டினாள். நேற்று மாலை அவர் அவிழ்த்த லுங்கி வாளியில் ஊறிக் கிடந்தது. அலசிப் பிழிந்து, அவர் உலர்த்துவதுபோலவே இரண்டு முனையும் சமமாக வரும்படி இழுத்துவிட்டுப் போட்டாள்.