பின்விளக்குக்குள் தண்ணீர்

அந்த வேலை முதலில் உமாராணிக்குத்தான் வந்தது. குருண் என்னும் ஊரில் கார் விளக்குகள் செய்யும் தொழிற்சாலையில், பிளாஸ்டிக்கை உருக்கி வார்க்கும் அச்சுகளை வடிவமைக்கும் எஞ்சினியர் அவள். புதிய கார் மாடல் ஒன்றுக்குப் பின்விளக்கு செய்துதர ஒப்பந்தம் கிடைத்ததும், அந்தப் புராஜெக்ட்டை எடுத்து நடத்துகிறீர்களா என்று மேலாளர் ரவிச்சந்திரன் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்.

உமாராணி சிரித்துவிட்டாள். "அது ஆளுங்கள தொரத்துற வேலலா, சார். யாரு எப்ப முடிப்பாங்கன்னு கேட்டுக்கிட்டே திரியணும். அதுக்கா நான் எஞ்சினியரிங் படிச்சேன்? அன்பரசிய கேட்டுப் பாருங்க. அவளுக்கு நல்லா பேச வரும்."

அன்பரசி அடுத்த மேசைக்காரி. பட்டம் வாங்கிய கையோடு சேர்ந்தவள், உமாராணியை அக்கா என்று அழைப்பவள். மெர்போக்கிலிருந்து காரில் வரும் உமாராணி, பீடோங் சந்தியில் அவளையும் ஏற்றிக்கொண்டு குருணுக்குப் போவாள்.

புராஜெக்ட் அன்பரசிக்குப் போனது. ஒரு வருடத்தில் அவள் வேறு ஆளாகிவிட்டாள். கார் பீடோங்கைத் தாண்டுவதற்குள் அவளுக்குப் போன் வரும். ஷா ஆலாமில் இருக்கும் கார் கம்பெனியிடம் மலாயில் பேசுவாள், அச்சு செய்யும் தாய்லாந்துக்காரர்களிடம் ஆங்கிலத்தில் பேசுவாள். "இல்ல, அந்தத் தேதிக்கு நான் ஒத்துக்க மாட்டேன்" என்பாள். அந்தப் பக்கம் இருப்பவர்கள் ஒத்துக்கொள்வார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உமாராணி கேட்டுக்கொண்டே வருவாள். அச்சை எப்படிச் செய்ய வேண்டும் என்று வரைந்து கொடுத்தவள் அவள். அதைப் பார்த்து வரத் தாய்லாந்து போனவள் அன்பரசி. திரும்பி வந்து படம் காட்டினாள். எல்லாப் படத்திலும் அச்சுக்குப் பக்கத்தில் அன்பரசி நின்றிருந்தாள்.

"நல்லா இருக்கு" என்றாள் உமாராணி. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

யாராவது தட்டிப் பறித்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். இதை அவளே எடுத்து நீட்டியிருந்தாள். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

சோதனைக்காக முதல் விளக்குகளைச் செய்து பார்த்த நாளன்று உமாராணிதான் பொறுப்பு. தண்ணீர் பீய்ச்சும் அறையிலிருந்து எடுத்த விளக்குகளில் இரண்டில், மூலையில், கண்ணாடிக்கு உள்ளே நீர் முத்து முத்தாக நின்றது. பின்பக்கத்து உறையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அச்சில் குளிரும்போது அந்த மூலை லேசாக வளைந்து இடைவெளி விட்டிருந்தது. மறுநாள் காலை ஷா ஆலாமிலிருந்து கார் கம்பெனியின் பெண் அதிகாரி புவான் ரொஹானா ஆய்வுக்கு வருகிறார் என்பது அவளுக்குத் தெரியும்.

அன்று மாலை காரில் ஏறியதும் அன்பரசி கேட்டாள். "டெஸ்ட் எப்படிக்கா?"

"பரவால்ல" என்றாள் உமாராணி. வண்டியை எடுத்தாள்.

மறுநாள் கூட்டத்தில் அன்பரசி திரையைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். வேலையின் நிலையைக் காட்டும் கட்டங்கள் எல்லாம் பச்சையாக இருந்தன. அவள் பேசி முடிக்கும்வரை உமாராணி காத்திருந்தாள். பிறகு பையிலிருந்து விளக்கை எடுத்து மேசை நடுவே வைத்தாள். "இதுல தண்ணி போயிருக்கு" என்றாள் மலாயில்.

ரவிச்சந்திரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அன்பரசி விளக்கைப் பார்த்தாள், பிறகு உமாராணியைப் பார்த்தாள். அவ்வளவுதான். புவான் ரொஹானா பக்கம் திரும்பி, "இங்கேயே தெரிஞ்சது நல்லதாப் போச்சு" என்றாள். "அக்கா, சரிசெய்ய எத்தன நாள் வேணும்?"

"அச்சுல அந்த மூலையில குளிர்விக்கிற வழிய மாத்தணும். ரெண்டு வாரம்."

"எடுத்துக்குங்க. மத்த சோதனைய பழைய உறையிலயே ஓட்டிடுறேன். கார் உற்பத்தி தொடங்குற தேதி மாறாது" என்று அங்கேயே திரையில் ஒரு கட்டத்தைச் சிவப்பாக்கினாள்.

புவான் ரொஹானா தலையசைத்தார். இப்படிப்பட்டதை ஒளித்துவைப்பவர்களைத்தான் தான் பார்த்திருப்பதாகவும், குறையைத் தங்கள் கையாலேயே எடுத்து முன்னால் வைப்பவர்களை நம்பலாம் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு அன்பரசியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மாலை காரில் திரும்பும்போது அன்பரசியின் போன் இரண்டு முறை அடித்தது. அவள் எடுக்கவில்லை.

"நேத்து சாயங்காலமே தெரியுமாக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். "தெரியும்" என்றாள் உமாராணி.

"அப்புறம் ஏன் சொல்லல?"

"ஒன் மூஞ்சி எப்படி மாறுதுன்னு பாக்கணும்னு இருந்துச்சு."

"பாத்தீங்களா?"

"மாறவே இல்லியே."

"புவான் முன்னாடி மாறவிடுவேனா?" அன்பரசி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நான் என்னாக்கா ஒங்களுக்குப் பண்ணேன்? அந்த வேலய நான் புடுங்கலயே. நீங்கதான குடுத்தீங்க?"

"அதான், அன்பரசி. அதான் எரியுது."

பீடோங்கில் இறங்கும்போது அன்பரசி கதவைப் பிடித்துக்கொண்டாள். "நாளையிலேருந்து நானே வந்துக்கிறேன்" என்று சொல்லிக் கதவை மெதுவாகச் சாத்தினாள்.

உமாராணி அச்சைச் சரிசெய்தாள். அதற்குப் பிறகு ஒரு விளக்கிலும் தண்ணீர் போகவில்லை. வேலையிருந்தால் அன்பரசி வந்து பேசுவாள், முடிந்ததும் போய்விடுவாள்.

சில மாதங்களில் அதே கார் கம்பெனி முன்விளக்கு ஒப்பந்தத்தையும் கொடுத்தது. இந்தமுறை உமாராணி தானே ரவிச்சந்திரனின் அறைக்குப் போனாள். "இத நான் நடத்துறேன், சார்."

அவர் உட்காரச் சொன்னார். "அன்பரசிகிட்ட ஒங்களப் பத்திக் கேட்டேன்."

"என்னா சொன்னா?"

"அச்சப் பத்தி ஒங்க அளவுக்கு இங்க யாருக்கும் தெரியாதுன்னு சொன்னாங்க. தெரிஞ்சத அவங்களுக்குச் சொல்லாம வச்சிருந்தீங்கன்னும் சொன்னாங்க." அவர் குரலில் கோபம் இல்லை. "முழுசா இப்ப குடுக்க முடியாது. அவங்களுக்குக் கீழ பாதிய எடுத்துச் செய்றீங்களா?"

எழுந்து போய்விடத்தான் தோன்றியது. அன்பரசி சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதுதான் இன்னும் சுட்டது.

"செய்றேன்" என்றாள்.

முதல் வாரமே உமாராணி போட்ட கால அட்டவணையை அன்பரசி எல்லோர் முன்னும் திருப்பிக் கொடுத்தாள். "தாய்லாந்துக்காரங்க அவங்க புத்தாண்டுக்கு அச்சுப் பட்டறையச் சாத்தியிருப்பாங்க. அந்த வாரத்துல வேலை போட்டிருக்கீங்க." காதுமடல் சூடாக உமாராணி தன் மேசைக்குத் திரும்பினாள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அன்பரசி யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அவளை ஒருமுறை முறைத்துவிட்டு, அட்டவணையைத் திறந்து அந்த வாரத்தைக் காலியாக்கி, மற்ற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போட ஆரம்பித்தாள்.