மாதிரித் தண்ணீர்

மூன்றாவது தடவையும் சோப்பு நுரைக்கவில்லை. ஈரத்துணியில் வைத்துத் தேய்க்கத் தேய்க்கத் திரிந்துபோய், பிசுபிசுவென்று கணவரின் கழுத்தில் அப்பிக்கொண்டது. வாளியில் இருந்தது கிணற்றுத் தண்ணீர். மஞ்சள் நிறம், மேலே எண்ணெய்ப் படலம், அழுகின முட்டை வாடை. விடிகாலையில் போய்ச் சேர்ந்த மனிதருக்கு இனி மூக்கைப் பொத்தும் வேலையாவது மிச்சம் என்று நினைத்தாள் அவள்.

"அம்மா, மேனேஜர் வந்திருக்கார்" என்று மகன் எட்டிப் பார்த்தான்.

காரிலிருந்து முதலில் இறங்கியது ஆளுயர மலர்வளையம். குறுக்கே சாயக் கம்பெனியின் பெயர் போட்ட ரிப்பன். பின்னால் மேனேஜர், மூக்கில் கைக்குட்டையோடு வந்தார். அது துக்கத்துக்கா, தன் கம்பெனி நாற்றத்துக்கா என்று யாரும் கேட்கவில்லை.

"அண்ணனை மாதிரி ஒருத்தர் இனிமே கிடைக்கமாட்டார்மா" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "தம்பிக்கு அந்த வேலையையே போட்டுக் குடுத்துடறோம். ஆனா இன்னிக்கு மாசத்தோட முதல் திங்கக்கிழமை பாருங்க. லேப்காரங்க வர்ற நேரம். எங்களுக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை."

டிரைவர் ஓர் அட்டைப்பெட்டியை நாற்காலியில் வைத்தான். உள்ளே ஐந்து பழுப்பு பாட்டில்கள்.

இருபது வருஷமாக அவள் கணவர் பார்த்த வேலை அதுதான். கம்பெனி வெளியேற்றும் கழிவுநீரில் மாதாமாதம் மாதிரி எடுத்து, அரசாங்கப் பரிசோதனைக்குக் கொடுப்பது. அவரோ பாட்டில்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, கம்பெனியே இனாமாகக் கொடுத்த ஃபில்டரில் பிடித்துக்கொண்டு போவார். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் சுத்தமென்றே சான்றிதழ் வரும். அதைக் காட்டியே கம்பெனி மூன்று மடங்கு பெருத்தது. ஊருக்கு அகலமான ரோடு வந்தது, பேங்க் வந்தது, நிலம் விலை ஏறியது. ஊர் முன்னேறிவிட்டது என்று எல்லோரும் மார்தட்டிக்கொண்டார்கள். கிணறுகள் மட்டும் ஒவ்வொன்றாய் நாறிப்போயின.

கிட்னி கெட்டுப்போய் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?" என்று டாக்டர் கேட்டார். "எப்பவும் ஃபில்டர் தண்ணிதாங்க" என்றார் இவர். கம்பெனி வந்த நாளிலிருந்து ஃபில்டர் வரும்வரை பத்து வருஷம் சாயம் இறங்கின கிணற்றுத் தண்ணீர் குடித்ததைப் பற்றி மூச்சுவிடவில்லை. சாகக் கிடக்கும்போதும் கம்பெனிக்கு விசுவாசம்! அவரை மட்டும் சொல்லி என்ன? அத்தனை மாதமும் பாட்டில் வாயில் புனலைப் பிடித்தவள் அவள்தானே. அந்த அழுக்கு அவள் கைகளிலும் இருந்தது.

பெட்டியோடு சமையலறைக்குள் போனவளின் பின்னாலேயே மகன் வந்தான். "ரொப்பிக் குடுத்துடும்மா. ரெண்டு வருஷமா வேலை இல்லாம சுத்தறேன்."

"உங்கப்பா எதனால போனாருன்னு தெரியுமில்ல?"

"அதையெல்லாம் இப்ப எதுக்கு இழுக்கறே?"

வந்தவர்கள் குடித்தது போக ஃபில்டரில் ஒரு குடம்தான் தேறும். அவள் அதைப் பார்த்தாள்.

"வாளியை இங்க எடுத்துட்டு வா" என்றாள்.

"எதுக்கு?"

"எடுத்துட்டு வாடா."

கொண்டுவந்து வைத்துவிட்டு அவன் வெளியே போனான். அவள் கதவைச் சாத்தினாள். சோப்புக் கலந்ததைக் கொட்டிவிட்டு, கொல்லைப்புறக் கிணற்றில் புதிதாக ஒரு வாளி இறைத்து வந்து, அந்தத் தண்ணீரைப் புனல் வழியாக ஐந்து பாட்டில்களிலும் கழுத்து வரை ஊற்றினாள். பழுப்புக் கண்ணாடியில் மஞ்சள் தெரியவில்லை. மூடிகளை இறுக்கித் திருகி, முந்தானையால் துடைத்து அடுக்கினாள்.

பெட்டியை வாங்கிய மகனுக்கு மூக்கு சுளித்தது. அட்டையின் அடிப்பக்கம் நனைந்து வாடையடித்தது. அவன் அம்மாவைப் பார்த்தான். அவளும் பார்வையை எடுக்கவில்லை. வாசலில் மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகன் பெட்டியைக் கொண்டுபோய்க் காரின் பின்சீட்டில் வைத்தான். கதவைத் தானே சாத்தினான்.

கார் போன பிறகு அவள் ஃபில்டரைத் திறந்து, அந்த ஒரு குடத்தையும் பாத்திரத்தில் பிடித்தாள். புதுத் துணி ஒன்றை நனைத்துக் கணவரின் முகத்தை முதலிலிருந்து துடைத்தாள். மகன் சோப்பை எடுத்து நீட்டினான்.

இந்தத் தடவை நன்றாக நுரைத்தது.