பூசணி இல்லாத பாத்தி

என் வீட்டுக்காரர் பெயின்டர். ஊரார் சுவரையெல்லாம் பளபளவென்று அடித்துக் கொடுப்பார். எங்கள் வீட்டுக் குளியலறை மட்டும் வருஷக்கணக்காகப் பாதி பச்சை, பாதி வெள்ளை. கேட்டால் "நாளைக்கு" என்பார். கொல்லையில் இருக்கும் சின்னப் பாத்திக்கும் அதே கதிதான். அக்கம்பக்கத்தில் காய் பறிக்கும்போதுதான் இவர் மண்வெட்டியைத் தேடுவார்.

அப்படிப்பட்ட மனுஷர், எங்கள் மலையூரில் பனி இன்னும் விலகாத ஒரு காலையில், எனக்கு முன்னால் எழுந்து காலி பெயின்ட் வாளிகளுக்கு அடியில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க, சூரியன் இன்னிக்கு மேற்கில உதிச்சிருச்சா?"

"இந்த வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சிரலாம்னு பாத்தேன். வீட்டுக்குள்ள முளைக்க வெச்சா, குளிர் விட்டதும் எடுத்து நட்டுரலாம்."

நான் வேலை பார்க்கும் சலவைக்கடையில் இதைச் சொன்னதும், எல்லோரும் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தோம். சாயங்காலம் வந்து பார்த்தால் ஜன்னலோரம் முழுக்க வாளிகள். ஒவ்வொன்றிலும் அச்சடித்த மாதிரி பெயர் எழுதியிருந்தார். கீரை, முள்ளங்கி, வெங்காயத்தாள்.

"பூசணி எங்க?"

மனுஷருக்குப் பூசணிப் பைத்தியம். காய்க்காத வருஷம்கூட அதைப் போடாமல் விட்டதில்லை.

"இந்த வருஷம் வேண்டாம். அது காய்க்க ரொம்ப நாளாகும்."

வாளியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மற்ற வாளிகளின் பெயர்களை மறுபடி படித்தேன். எல்லாமே சீக்கிரம் வந்து சீக்கிரம் முடிகிற பயிர்கள்.

குளிர்காலம் முழுக்க அவருக்கு ஓர் இருமல். பெயின்ட் வாசனை என்று மழுப்பினார். அதற்கு முந்தின வாரம்தான் தம்பியைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்து, "சும்மா சளிதான்" என்றார். என் கொழுந்தன் டீ குடித்து, நாலு ஜோக் அடிக்காமல் கிளம்புகிற ஆளில்லை. அன்றைக்குச் செருப்பைக்கூடக் கழற்றாமல் போய்விட்டான். போன் போட்டுக் கேட்டேன். "அண்ணன்கிட்டயே கேளுங்க அண்ணி" என்றான்.

எனக்குக் கேட்கத் தைரியம் வரவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று என்னையே அதட்டிக்கொண்டேன். ஆனால் அவர் இருமும்போதெல்லாம் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு நின்றேன். கீரை முளைத்தது. சந்தோஷப்பட முடியவில்லை.

பிறகு ஒருநாள் வேலை முடிந்து கதவைத் திறந்தபோது புதுப் பெயின்ட் வாசனை அடித்தது. ஓடினேன். குளியலறைச் சுவர் முக்கால்வாசிக்கு மேல் வெள்ளையாகியிருந்தது. மூலையில் கொஞ்சம்தான் பச்சை பாக்கி. அதை அடிக்கத்தான் பிரஷ்ஷை முக்கிக்கொண்டிருந்தார்.

இந்தச் சுவருக்காக நான் போடாத சண்டையில்லை. இப்போது அதைப் பார்த்து அலறிவிட்டேன்.

"என்ன ஆச்சு உங்களுக்கு? வாயத் தொறந்து சொல்லுங்க!"

கவிழ்த்துப் போட்ட வாளியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நுரையீரல்ல ஒரு கட்டி இருக்காம். மாசக் கடைசில ஆபரேஷன். எடுத்துப் பாத்தாதான் நல்லதா கெட்டதான்னு தெரியுமாம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"தினமும் நெனைப்பேன். சரி, நாளைக்குச் சொல்லலாம்னு விட்டுருவேன்." மூச்சு வாங்கினார். "பயமா இருக்குடி."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. எனக்கும் பயம்தான்.

சமையலறைக்குப் போய், அவர் போன வருஷம் கழுவிக் காயவைத்த பூசணி விதையை எடுத்துவந்தேன். ஒரு வாளியில் மண்ணைப் போட்டு, ரெண்டு விதையை அழுத்தி, அவர் முன்னால் வைத்தேன்.

"பேரு எழுதுங்க."

"நாளாகும்டி."

"ஆகட்டும். நீங்கதான் பறிக்கணும்."

எழுதினார். அவர் எழுத்து கோணி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பிறகு எழுந்து, மிச்சமிருந்த மூலைப் பக்கம் பிரஷ்ஷைக் கொண்டுபோனார். நான் அதைப் பிடுங்கித் தண்ணீரில் போட்டேன்.

"அத விடுங்க. நாளைக்கு அடிக்கலாம்."